எல்லை ஓரத்திலிருந்து கணிதமும் புள்ளியியலும் படிக்கச் செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்களில் தமிழ்வழியில் படித்து வளரும் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ முடிந்ததும் இரண்டு மாநிலங்களின் கல்லூரிகள் பேருந்து செல்லும் தொலைவிலேயே இருக்கின்றன. மேற்கே பாலக்காடு, கிழக்கே பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும். ஆனால் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் சொல்வது பெரும்பாலும் பொறியியல், இல்லையென்றால் பி.எட்., அவ்வளவுதான். கணிதத்தையும் புள்ளியியலையும் பல்கலைக்கழக அளவில் எப்படிப் படிப்பது, படித்தபின் எந்தெந்த வேலைகளுக்குச் செல்லலாம் என்பதை, ஒருவர் எடுத்து வைக்க வேண்டிய படிகளின் வரிசையிலேயே இங்கு சொல்ல முயல்கிறேன். மூணாறு, பீர்மேடு, செங்கோட்டைப் பக்கத்து மாணவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். நகரி, சத்தியவேடு, திருப்பதிப் பக்கத்துத் தமிழ் மாணவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியதை ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

அறிவுரையில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கணிதத்தையே முதன்மைப் பாடமாக எடுத்தாலும், பட்டப்படிப்பில் புள்ளியியலும் ஒரு பாடமாக உங்கள் மதிப்பெண் பட்டியலில் பெயரோடு இடம்பெறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பருவங்களில் இடம்பெற முடியுமோ அத்தனையிலும் இடம்பெறட்டும். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது வேலைவாய்ப்புகளைப் பற்றிய பகுதிக்கு வரும்போது விளங்கும்.

முதற்படி: கணிதமா, புள்ளியியலா என்று முடிவு செய்தல்

பள்ளியில் கணக்கு என்றால் சூத்திரத்தைக் கொண்டு விடை காண்பதுதான். பட்டப்படிப்பில் கணிதத்தை எடுத்தவர் அந்தச் சூத்திரம் ஏன் உண்மை, எந்த நிபந்தனையில் உண்மை, எந்த இடத்தில் பொய்த்துவிடும் என்பதை நிறுவிக் காட்ட வேண்டும். மெய்ப்பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், குலம், வளையம் முதலியவற்றைப் பற்றிய நுண் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், கலப்பெண் பகுப்பாய்வு ஆகியவை அதன் முதுகெலும்பு. புள்ளியியல் பட்டப்படிப்பிலும் கணிதம் கணிசமாக உண்டு. ஆனால் அது நிகழ்தகவில் தொடங்கி, கூறெடுப்பு, மதிப்பீடு, கருதுகோள் சோதனை, தொடர்புப் போக்கு, சோதனை வடிவமைப்பு என்று நகர்ந்து, எப்போதும் ஏதோ ஒரு தரவின் முன் வந்து நிற்கும்.

வேறுபாட்டைக் காட்ட நம் பகுதியிலேயே ஒரு சான்று இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் மணக்கடவு அணைக்கட்டில் அளந்து சித்தூர்ப்புழைக்குத் தர வேண்டிய நீர் 7.25 டி.எம்.சி. என்பது இங்குள்ள உழவர்களுக்கு மனப்பாடம். அணைக்கட்டில் நீர் நிற்கும் உயரத்திலிருந்து நொடிக்கு எவ்வளவு நீர் பாய்கிறது என்று கணக்கிடும் சமன்பாட்டை ஆராய்வது கணிதத்தின் வேலை. அந்த அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும், கடந்த பல்லாண்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்தால் எந்த மாதத்தில் பற்றாக்குறை வர வாய்ப்பு மிகுதி, இந்த ஆண்டின் குறைவு வழக்கமான ஏற்ற இறக்கமா அல்லது வேறு காரணம் தேட வேண்டியதா என்பவை புள்ளியியலின் கேள்விகள். இவ்விரண்டில் எந்த வகைக் கேள்வி உங்களை இரவில் விழித்திருக்க வைக்கிறதோ அதை முதன்மைப் பாடமாக எடுங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவே உயர்ந்த மதில் இருப்பதாக எண்ணிக் கலங்கவும் வேண்டாம். 2007-இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்ற, சென்னையில் பிறந்த எஸ்.ஆர். சீனிவாச வரதன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த பட்டம் புள்ளியியலில்தான். அங்கிருந்து கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சென்று நிகழ்தகவுக் கோட்பாட்டில் உலகப் புகழ் பெற்றார். சி.ஆர். ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்துவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவர்; இன்று உலகெங்கும் பாடமாக இருக்கும் அவருடைய மதிப்பீட்டு எல்லைத் தேற்றம் 1945-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

எல்லைப் பகுதியில் பிறந்தவருக்குத் தூய கணிதம் எட்டாது என்று நினைப்பவர்கள் எஸ்.எஸ். பிள்ளையை அறிந்துகொள்ள வேண்டும். செங்கோட்டையை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்து, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிப் படிப்பு முடித்தவர் அவர். செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. எந்த நேர்ம முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம், அதற்குக் குறைவான எண்ணிக்கை எல்லா எண்களுக்கும் போதாது என்பதை 1940-இல் நிறுவியவர் அவரே.

இரண்டாம் படி: பிளஸ் டூவில் பாடப்பிரிவும் நுழைவுத் தேர்வுகளும்

கேரள மேல்நிலைக் கல்வியில் இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு புள்ளியியலைச் சேர்த்துத் தரும் பிரிவும், வணிகவியலோடு கணிதமோ புள்ளியியலோ சேர்ந்த பிரிவுகளும் உள்ளன. எல்லாப் பள்ளிகளிலும் இவை கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் என்ற பாடம் உண்டு. வணிகவியல் மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன், அவர்கள் படித்த கணிதப் பாடத்தைத் தாம் சேர விரும்பும் பட்டப்படிப்பு ஏற்கிறதா என்பதைச் சேர்க்கை விதிகளில் படித்துத் தெளிந்துகொள்ள வேண்டும், பி.எஸ்சி. கணிதத்துக்கும் பி.எஸ்சி. புள்ளியியலுக்கும் இவ்விதிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

நுழைவுத் தேர்வுகளில் நம் பகுதி மாணவர்கள் மிகக் குறைவாக எழுதுபவையே மிக நல்லவை என்பது என் கருத்து. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931-இல் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம், கொல்கத்தாவில் பி.ஸ்டாட்., பெங்களூருவில் பி.மேத். ஆகிய பட்டங்களுக்குத் தன் சொந்தத் தேர்வு வழியாகவே மாணவர்களைச் சேர்க்கிறது. சென்னையை அடுத்த சிறுசேரியில் இயங்கும், 1989-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கணிதக் கழகமும் அவ்வாறே தனித் தேர்வு நடத்துகிறது. இவற்றுக்கு ஜே.இ.இ. மதிப்பெண் தேவையில்லை. இரண்டிலும் விரிவாக எழுதி நிறுவ வேண்டிய வினாக்கள் வருகின்றன. பயிற்சி மையத்துக் குறுக்குவழிகள் அங்கே செல்லா. பள்ளிப் பாடத்துக்கு மேலே மிகுதியாக எதையும் அவர்கள் கேட்பதில்லை, ஆனால் அந்தப் பாடத்தை ஆழமாகக் கேட்கிறார்கள். ஆகவே முந்தைய ஆண்டு வினாத்தாள்களை எடுத்து, ஒரு வினாவுக்கு ஒரு மாலை என்ற கணக்கில் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பதே சிறந்த பயிற்சி. விண்ணப்பங்கள் பிளஸ் டூ தேர்வுக் காலத்தையொட்டியே வருவதால் தவறவிடுபவர்கள் பலர். ஜனவரி முதலே அவ்விணையதளங்களைப் பார்த்துவாருங்கள்.

திருவனந்தபுரத்தை அடுத்த விதுரையிலும் திருப்பதியிலும் உள்ள ஐசர் என்னும் இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனங்கள் தம் திறனறித் தேர்வு வழியாக ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேர்க்கின்றன. அங்கே முதலில் எல்லா அறிவியலையும் படித்துவிட்டுப் பிறகு கணிதத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், இன்னும் மனம் உறுதியாகாதவர்களுக்கு அது ஏற்ற இடம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். திருவாரூர், காசர்கோட்டுப் பெரியா, ஐதராபாத் ஆகியவற்றின் மத்தியப் பல்கலைக்கழகங்களை நம் பகுதியினர் மனத்தில் கொள்ளலாம்.

மூன்றாம் படி: இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

கேரளத்தில் படிப்பதென்றால் பாலக்காட்டு அரசு விக்டோரியா கல்லூரி, சித்தூர் அரசுக் கல்லூரி முதலியவை கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சேர்க்கை பல்கலைக்கழகத்தின் மையப்படுத்தப்பட்ட இணையவழி ஒதுக்கீட்டில் நடக்கிறது. 2024-25 கல்வியாண்டு முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு இளநிலைப் படிப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்றாண்டில் 133 மதிப்பலகுகளோடு (கிரெடிட்) வழக்கமான பட்டம் பெற்று வெளியேறலாம். நான்காம் ஆண்டும் தொடர்ந்து 177 மதிப்பலகுகள் முடித்தால் ஆனர்ஸ் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் முதுகலை இல்லாமலே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம்.

இப்புதிய திட்டத்தில் முதன்மைப் பாடத்தோடு துணைப் பாடங்களை மாணவரே தேர்ந்தெடுக்கிறார். இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன அறிவுரை உதவுகிறது. கணிதத்தில் சேர்ந்த மாணவர் பலர் துணைப் பாடத்தைத் தோழர்கள் எடுத்ததால் எடுக்கிறார்கள், அல்லது மதிய வேளையில் வகுப்பு இல்லை என்பதற்காக எடுக்கிறார்கள். புள்ளியியல் துறை உள்ள கல்லூரியாகப் பார்த்துச் சேர்ந்து, துணைப் பாடமாகப் புள்ளியியலைத் தொடர்ச்சியாக எடுங்கள். சேரும் முன் கல்லூரிக்கே நேரில் சென்று, கணித மாணவர்களுக்குப் புள்ளியியல் துணைப் பாடம் உண்மையில் நடத்தப்படுகிறதா என்று துறையிலேயே கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் கோவை, பொள்ளாச்சிக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அங்கு பி.எஸ்சி. மூன்றாண்டு, கணித மாணவர்களுக்கான சார்புப் பாடங்களில் புள்ளியியல் இருக்கிறதா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு மாநில அரசின் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

ஒதுக்கீட்டைப் பற்றிப் பெற்றோர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கேரளத்தில் வழங்கப்பட்ட சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டுக்குப் பயன்படாது. தமிழ்நாட்டுச் சான்றிதழ் கேரளத்துக்கும் அவ்வாறே. எல்லை கடந்து விண்ணப்பிப்பவர் பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டு கல்லூரிகளின் வரிசையை அமைக்க வேண்டும். மத்திய நிறுவனங்களுக்கு மத்தியப் பட்டியலின்படியான சான்றிதழ் தனியே வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு வருவாய் வரம்புக்கு உட்பட்டவர் என்ற சான்றும் நடப்பாண்டுக்குரியதாக இருக்க வேண்டும். கேரளச் சேர்க்கை அறிவிப்பில் மொழிச் சிறுபான்மையினருக்கென்று தனிப் பகுதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்குரிய சான்றைக் கிராம அலுவலகத்திலிருந்தோ வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்தோ முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இன்னொரு தாள் வேலையும் உண்டு. எல்லை கடந்து பட்டம் பெறுபவர்கள், தாம் படித்த ஆண்டுகளின் பாடத்திட்டத்தைக் கல்லூரி முத்திரையோடு ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் வேறு மாநிலத்துப் பணியாளர் தேர்வாணையமோ பல்கலைக்கழகமோ உங்கள் பட்டம் தங்கள் பட்டத்துக்கு இணையானதா என்று கேட்கும்போது, பட்டச் சான்றிதழ் மட்டும் போதாமல் போவதுண்டு.

நான்காம் படி: மொழியும் முதலாண்டும்

தமிழ்வழியில் படித்தவருக்குக் கல்லூரியின் முதற்பருவத்தில் இரட்டைச் சுமை. பாடநூலும் தேர்வும் ஆங்கிலத்தில். கேரளக் கல்லூரி என்றால் ஆசிரியரின் விளக்கம் பெரும்பாலும் மலையாளத்தில். மலையாளம் காதுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும். எழுத்தையும் கோடை விடுமுறையிலேயே கற்றுக்கொண்டுவிட்டால் அறிவிப்புப் பலகையிலிருந்து கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) விண்ணப்பம் வரை பிறரை நாட வேண்டியிருக்காது. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, கணித நூல்களின் ஆங்கிலம் மிகச் சிறியது. சில நூறு சொற்களும் இருபது முப்பது வாக்கிய அமைப்புகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு குறிப்பேட்டில் கலைச்சொல், அதன் வரையறை தமிழில், ஓர் எடுத்துக்காட்டு என்று எழுதி வந்தால் ஒரு பருவத்துக்குள் தடை நீங்கிவிடும். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வகுப்பில் தவறவிட்டதை அங்கு நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம்.

மொழியைவிடப் பெரிய தடை நிறுவல். பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு எடுத்த மாணவர், முதற்பருவ மெய்ப்பகுப்பாய்வில் திணறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. அதுவரை பயிலாத ஒரு வேலையை முதன்முறையாகச் செய்யச் சொல்கிறார்கள் என்பதுதான். அதற்கு ஒரு வழிமுறை சொல்கிறேன்.

ஒவ்வொரு வரையறையையும் நான்கு விதமாக எழுதிப் பாருங்கள். ஒரு தொடர்முறை ஓர் எல்லையை நோக்கிச் செல்கிறது என்பதன் வரையறையை எடுத்துக்கொள்வோம். முதலில் அதை நூலில் உள்ளபடி குறியீடுகளில் எழுதுங்கள். இரண்டாவதாகச் சொந்தச் சொற்களில் எழுதுங்கள்: எவ்வளவு சிறிய நேர்ம எண்ணை யார் கொடுத்தாலும், தொடர்முறையில் ஏதோ ஓர் இடத்துக்கு அப்பால் வரும் எல்லா உறுப்புகளும் எல்லையிலிருந்து அந்த எண்ணைவிடக் குறைந்த தொலைவிலேயே இருக்கும். மூன்றாவதாக அதன் மறுப்பை எழுதுங்கள்: ஏதோ ஒரு நேர்ம எண் இருக்கிறது, எந்த இடத்தைக் குறித்தாலும் அதற்கு அப்பாலும் எல்லையிலிருந்து அந்த எண்ணளவோ அதற்கு மேலோ விலகி நிற்கும் உறுப்பு ஒன்று உண்டு. நான்காவதாக, வரையறைக்குப் பொருந்தும் ஒன்றையும் பொருந்தாத ஒன்றையும் சொல்லுங்கள். ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று குறைந்து செல்லும் தொடர்முறை பொருந்தும், ஒன்றும் குறை ஒன்றும் மாறி மாறி வருவது பொருந்தாது. மூன்றாவதாகச் சொன்ன மறுப்பில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். 'எல்லாம்' என்பதும் 'ஏதோ ஒன்று' என்பதும் மறுக்கும்போது இடம் மாறுவதைக் கை பழகும் வரை எழுதிப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மெய்ப்பகுப்பாய்வு மட்டுமன்றிக் குலக் கோட்பாடும் வழிவிடும்.

நிறுவலை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதால் பருவத் தேர்வில் மதிப்பெண் வரலாம். ஆனால் முதுகலைச் சேர்க்கைக்கான ஜாம், ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியத் தகுதிக்குமான நெட் போன்ற தேர்வுகளில் அது உதவாது. ஒரு தேற்றத்தைப் படித்தபின் நூலை மூடிவிட்டு, அதன் நிபந்தனைகளில் ஒன்றை நீக்கினால் தேற்றம் எங்கே உடையும் என்று தேடுங்கள். தேடிக் கிடைக்கும் எதிரெடுத்துக்காட்டு ஒன்று, மனப்பாடம் செய்த பத்துத் தேற்றங்களைவிட நெடுநாள் நிற்கும்.

புள்ளியியல் மாணவருக்கு வேறுவகைத் தடை. கணக்கீடு எளிது, பொருள் கொள்வது கடினம். பத்து உழவர்களில் ஒன்பது பேருக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர், ஒருவருக்கு 41 ஏக்கர் என்றால் சராசரி நிலம் 5 ஏக்கர். இடைநிலை அளவோ 1 ஏக்கர். இரண்டும் சரியான கணக்கு. எந்த எண்ணை எந்தக் கேள்விக்குச் சொல்லலாம் என்பதே பாடம். கருதுகோள் சோதனையில் வரும் நிகழ்தகவு மதிப்பை, 'கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு' என்று எழுதும் பிழையை முதுகலை வரை பலர் சுமந்து செல்கிறார்கள். கருதுகோள் உண்மை என்று கொண்டால், கையில் உள்ள தரவோ அதைவிட மிகையானதோ கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையே அது சொல்கிறது. இந்த வேறுபாட்டை முதலாண்டிலேயே தெளிவாக்கிக்கொண்டவருக்கு மேற்கொண்டு வருபவை பெரும்பாலும் எளிதாகிவிடும்.

ஐந்தாம் படி: கணினியை இரண்டாமாண்டுக்கு ஒத்திப்போடாமை

கேரளப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் ஜியோஜீப்ராவும் பைத்தானும் ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். புள்ளியியலுக்கு ஆர் என்ற கட்டற்ற மென்பொருளே முதற்கருவி. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இரு ஆசிரியர்கள் உருவாக்கிய அது இன்று உலகெங்கும் பயன்படுகிறது. விலை இல்லை, பழைய கணினியிலும் ஓடும். முதல் பயிற்சியாக ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டுவதைக் கணினியில் பத்தாயிரம் தடவை செய்து பாருங்கள். தலைகளின் எண்ணிக்கை 40-க்கும் 60-க்கும் இடையே பெரும்பாலும் அடங்கிவிடுவதைக் கண்ணால் கண்டபின், திட்ட விலக்கம் 5 என்று சூத்திரம் சொல்வது வெறும் எண்ணாகத் தோன்றாது.

வேலைக்குச் செல்ல விரும்புபவர் விரிதாள், தரவுத்தளங்களைக் கேட்டெடுக்கும் எஸ்.க்யூ.எல்., பைத்தான் ஆகிய மூன்றையும் பட்டம் முடியும் முன் நன்றாகப் பழகியிருக்க வேண்டும். பயிற்சிக்கு உண்மையான தரவு வேண்டுமென்றால் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் தேசியக் கூறாய்வுகளின் தரவை இணையத்தில் தருகிறது. கேரளக் குடும்பங்களின் செலவுக் கணக்கை அதிலிருந்து பிரித்தெடுத்து ஒரு சிறு ஆய்வாக எழுதினால், அது நேர்முகத் தேர்வில் சான்றிதழ்களைவிட மிகுதியாகப் பேசும். கல்லூரிப் பட்டத்தோடு சேர்த்தே சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழித் தரவு அறிவியல் பட்டத்தைப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் சேர முதலில் ஒரு தகுதிச் சுற்றைத் தாண்ட வேண்டும். தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். வருவாயையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் இரண்டு பட்டங்களை ஒருங்கே சுமப்பது எல்லோருக்கும் ஏற்றதன்று. முதலாண்டில் நிறுவலோடு போராடிக்கொண்டிருப்பவர் அதை ஓராண்டு தள்ளிப்போடலாம்.

ஆறாம் படி: பட்டத்துக்குப் பின் மேற்படிப்பு

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. கணிதத்துக்கு ஒரு தாள், கணிதப் புள்ளியியலுக்கு மற்றொரு தாள். மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். தேர்வு பிப்ரவரியில் வரும். விண்ணப்பம் அதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். வாளையாற்றுக்கும் பாலக்காட்டுக்கும் இடையே கஞ்சிக்கோட்டில் இயங்கும், 2015-இல் தொடங்கப்பட்ட பாலக்காடு ஐ.ஐ.டி.யிலேயே கணித எம்.எஸ்சி. உள்ளது என்பது அதன் மதிலைக் கடந்து நாள்தோறும் பேருந்தில் செல்லும் மாணவர்கள் சிலருக்கே தெரியாது. இந்தியப் புள்ளியியல் நிறுவனம், சென்னைக் கணிதக் கழகம் ஆகியவை முதுகலைக்கும் தனித் தேர்வு நடத்துகின்றன. பட்டப்படிப்புக்கு இந்நிறுவனங்களில் நுழைய முடியாதவர்கள் இரண்டாம் முறை முயலும் இடம் இது. புள்ளியியலுக்குக் கேரளப் பல்கலைக்கழகம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் துறைகளும் உள்ளன.

ஆய்வுக்குச் செல்ல எண்ணுபவர் விடுமுறையில் நடக்கும் கணிதப் பயிற்சி முகாமாகிய எம்.டி.டி.எஸ்.-க்கு விண்ணப்பிக்க வேண்டும். 1993 முதல் நடந்துவரும் அம்முகாமில், ஆசிரியர் சொல்லி மாணவர் எழுதிக்கொள்வது என்ற முறைக்கு இடமில்லை, மாணவரே பலகையில் வந்து நிறுவ வேண்டும். தேசிய உயர்கணித வாரியம் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உதவித்தொகை தருகிறது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் கணித அறிவியல் தாள் இரு துறையினருக்கும் பொதுவானது. அதில் புள்ளியியலுக்கும் பகுதி உண்டு.

ஏழாம் படி: வேலைகள்

இனி, தொடக்கத்தில் சொன்ன அறிவுரைக்கான காரணம். மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணிக்கு யு.பி.எஸ்.சி. ஆண்டுதோறும் தேர்வு நடத்துகிறது. பட்டப்படிப்பில் புள்ளியியல், கணிதப் புள்ளியியல், பயன்பாட்டுப் புள்ளியியல் ஆகியவற்றில் ஒன்று ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது இவற்றில் முதுகலை வேண்டும். புள்ளியியலே படிக்காத தூய கணிதப் பட்டதாரி, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இதில் விண்ணப்பிக்கவே முடியாது. பொது ஆங்கிலம், பொது அறிவு தலா 100 மதிப்பெண், புள்ளியியலில் நான்கு தாள்கள் தலா 200, நேர்முகத் தேர்வு 200 என்று மொத்தம் 1,200 மதிப்பெண்கள்.

மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமாகிய எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகள் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணிக்குப் பிளஸ் டூ கணிதத்தில் 60 விழுக்காடு, அல்லது பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடம் என்பது விதி. அதே தேர்வில் வரும் இரண்டாம் நிலைப் புள்ளியியல் ஆய்வாளர் பணியோ ஆறு பருவங்களிலும் புள்ளியியல் படித்திருக்க வேண்டும் என்கிறது. ஒரு பருவம் குறைந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே அனுப்பிவிடுவார்கள். துணைப் பாடத்தை நடுவில் மாற்றிக்கொள்ள நினைக்கும்போது இதை எண்ணிப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் புள்ளியியல் துறை அலுவலர் பணிக்கு முதுகலை வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறக்கூடுமாதலால் அந்தந்த ஆண்டு அறிவிப்பையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

மாநில அளவில் கேரளத்தின் பொருளியல் புள்ளியியல் துறையில் புள்ளியியல் உதவியாளர், ஆய்வாளர் பணியிடங்கள் பி.எஸ்.சி. வழியாக நிரப்பப்படுகின்றன. கூறெடுப்பு முறையில் வயல்களைத் தேர்ந்து, குறித்த அளவுள்ள சதுரத்தில் நெல்லை அறுத்து எடைபார்த்து மாவட்டத்தின் விளைச்சலை மதிப்பிடுவது அத்துறையின் நெடுநாள் வேலை. கேரளத்தில் நெல் மிகுதியாக விளையும் பாலக்காட்டில் அதற்குத் தனி மதிப்பு. தமிழ்நாட்டிலும் தேர்வாணையம் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்குத் தனித் தேர்வு நடத்துகிறது.

காப்பீட்டுத் துறையில் இடர்களைக் கணக்கிட்டு மதிப்பிடும் ஆக்சுவரி என்னும் பணி கணிதத்திலும் நிகழ்தகவிலும் வல்லவர்க்கானது. இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வைப் பிளஸ் டூ முடித்தவரும் எழுதலாம். அதன்பின் பத்துக்கு மேற்பட்ட தாள்களைத் தேற வேண்டும். பலருக்கு அது பல ஆண்டு ஆகும். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம் என்பது ஆறுதல், தேர்வுக் கட்டணங்கள் சேரச் சேரக் கனக்கும் என்பது எச்சரிக்கை. மருத்துவ ஆய்வில் ஆர்வமுள்ளவருக்கு உயிர்ப்புள்ளியியல் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அதற்கு முதுகலைப் படிப்பு உண்டு, சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இயங்குகிறது. ஆந்திர எல்லைப் பக்கத்தவர்க்கு இவ்விரண்டும் அருகிலேயே. கோவை, கொச்சி, பெங்களூரு நிறுவனங்களின் தரவுப் பகுப்பாய்வு வேலைகளைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, அவற்றின் விளம்பரங்களே போதிய அளவு சொல்கின்றன. ஐந்தாம் படியில் சொன்ன கருவிகள் கைவசம் இருந்தால் பட்டத்தின் பெயரை அங்கே அதிகம் பார்ப்பதில்லை.

ஆசிரியப் பணியை விரும்புபவருக்கு எல்லைப் பகுதி ஒரு தனி வாய்ப்பைத் தருகிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் பணியிடங்களைக் கேரள பி.எஸ்.சி. தனியே அறிவிக்கிறது. கணிதப் பட்டம், பி.எட்., கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி ஆகியவை இதற்கு வேண்டும். கே-டெட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலையோடு பி.எட்.டும் செட் என்னும் மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் தேவை. இப்பணியிடங்களுக்கான அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. எனவே பி.எட். முடித்ததும் பி.எஸ்.சி.யின் ஒருமுறைப் பதிவைச் செய்து, கே-டெட்டையும் உடனே எழுதிவிட வேண்டும். அறிவிப்பு வந்தபின் தகுதித் தேர்வு எழுதிச் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருப்பவர்க்கு விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் அது கைக்கு வந்து சேராது.